கிடந்த கற்கள், போன கற்கள்: செஞ்சியின் சிதைந்த கோயில்களும் அங்கோரும்

1. கேள்வி

அங்கோர்வாட் போய்வந்த தமிழர்களின் பயணக் கட்டுரைகளில் ‘இது நம் கோயில்’ என்ற பெருமிதம் தவறாமல் தலைகாட்டும். சூரியவர்மன் என்ற பெயரின் ஈற்றில் ‘வர்மன்’ இருப்பதைக் கண்டு அவனைப் பல்லவன் ஆக்குவோர் உண்டு. சோழன் ஆக்குவோரும் உண்டு. இரண்டாம் சூரியவர்மன் 1113இல் பட்டத்துக்கு வந்த கெமர் அரசன். வர்மன் என்பது அக்காலத்தில் தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் பல குலத்தவர் சூடிக்கொண்ட பட்டப்பெயர். அதை வைத்து உறவுமுறை கணக்கிட முடியாது. இந்தத் தகவல் புதிதல்ல. ஆனாலும் பெருமிதம் குறைவதில்லை.

அதே பயணிகள் கிரிவலத்துக்காகத் திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை செல்லும்போது செஞ்சிக் கோட்டை மதிலை ஊடறுத்துச் செல்லும் சாலையில்தான் போகிறார்கள். பேருந்தின் சன்னலில் கோட்டை மலையான இராஜகிரி தெரிகிறது. இறங்குவோர் மலையேறுவதற்காகவே இறங்குகிறார்கள். கீழ்க்கோட்டையில், புதுச்சேரி வாசலை ஒட்டி நிற்கும் வெங்கடரமண சுவாமி கோயிலுக்குள் நுழைந்து நேரம் செலவிடுவோர் மிகச் சிலர். செஞ்சியிலுள்ள கோயில்களில் இதுவே பெரியது. இதன் கோபுர வாயிலின் பக்கச் சுவர்களில் இராமாயணக் காட்சிகள் இருக்கின்றன. திருமாலின் அவதாரங்கள் இருக்கின்றன. தேவரும் அசுரரும் பாம்பைப் பிடித்துப் பாற்கடலைக் கடையும் காட்சியும் இருக்கிறது. அங்கோர்வாட்டின் கிழக்குச் சுற்றாலையில் ஏறத்தாழ 49 மீட்டர் நீளத்துக்குச் செதுக்கப்பட்டிருக்கும் அதே கதைதான். அதைப் பார்க்க விமானம் ஏறுகிறவர்கள் இதைப் பார்க்கப் பேருந்தைவிட்டு இறங்குவதில்லை.

இதை வெறும் குறையாகச் சொல்லி முடித்துவிடலாம். அதற்கு அடியில் ஆராயத்தக்க ஒரு கேள்வி இருக்கிறது. இரண்டு இடங்களிலும் இருப்பவை சிதைந்த கோயில்கள். ஒன்று உலகமே வந்து பார்க்கும் ‘இடிபாடு’ ஆயிற்று. மற்றது கோட்டையின் ஒரு மூலை ஆயிற்று. இதைச் செய்தது காலமா, கட்டுமானமா, மனிதர்களா? செஞ்சியின் சிதைவு காலத்தின் வேலை அன்று, போரின் வேலையும் பெரும்பாலும் அன்று, கல்லை எடுத்துச் சென்றவர்களின் வேலை என்பதே என் வாதம். அங்கோரோடு வைத்துப் பார்க்கும்போதுதான் இது தெளிவாகத் தெரிகிறது.

2. சொல்லப்பட்டுவரும் காரணங்கள்

செஞ்சியின் வரலாற்றுக்கு நாம் சார்ந்திருக்கும் நூல்கள் சில. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாராயணன் பிள்ளை எழுதிய ‘கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்’ மெக்கன்சி சுவடித் தொகுப்பில் இருக்கிறது. இடையர் குலத்து ஆனந்தக் கோன் மலைமேல் முதல் அரணைக் கட்டினான் என்ற மரபுக்கதை அதன்வழியேதான் பரவலாயிற்று. டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடி 1906இல் வந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் சி. எஸ். சீனிவாசாச்சாரி 1943இல் செஞ்சியையும் அதை ஆண்டவர்களையும் பற்றி எழுதிய ஆங்கில நூல்தான் இன்றளவும் அடிப்படை நூல். இவை மூன்றும் அரசியல் வரலாறுகள். கோட்டை எந்த ஆண்டு எவர் கைக்குப் போனது என்பதே இவற்றின் கதையோட்டம். கோயில்கள் நடுநடுவே ஓரிரு பத்திகளில் வந்து போகின்றன.

அந்தக் கதையோட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விஜயநகரத்தின் கீழிருந்த நாயக்கர்கள் 16ஆம் நூற்றாண்டில் செஞ்சியைப் பெருநகரமாக்கினர். அந்நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த யேசு சபைப் பாதிரியார் பிமெந்தா, இந்தியாவில் தாம் கண்டவற்றுள் பெரிய நகரம் இதுவே என்றும், போர்ச்சுகலில் லிஸ்பனைத் தவிர வேறெந்த நகரமும் இதற்கு ஈடாகாது என்றும் எழுதினார். 1649இல் பீஜப்பூரும் 1677இல் சிவாஜியும் கோட்டையைக் கைப்பற்றினர். 1690 முதல் சிவாஜியின் மகன் இராஜாராம் உள்ளிருக்க முகலாயப் படை வெளியே காத்துக் கிடந்தது. 1698இல் கோட்டை வீழ்ந்தது. ஆற்காட்டு நவாபோடு மோதித் தேசிங்கு ராஜன் 1714இல் மாண்டான். பிரெஞ்சுக்காரர் 1750இல் பிடித்து 1761 வரை வைத்திருந்தனர், பிறகு ஆங்கிலேயர். 1780இல் ஐதர் அலியின் படை வந்து போனதோடு செஞ்சியின் இராணுவ முக்கியத்துவம் முடிந்தது.

இந்த அட்டவணையைப் படிப்பவருக்குக் கோயில் சிதைந்த காரணம் கையில் கிடைத்துவிட்டதுபோல் தோன்றும்: இத்தனை படையெடுப்பு, இடியாமல் என்ன செய்யும்? உள்ளூரிலும் பொதுமேடைகளிலும் அடிக்கடி கேட்கும் விளக்கம் இதுதான். அதிலும் பீஜப்பூர், முகலாயர் என்ற பெயர்களைச் சொன்னவுடன் மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை என்றாகிவிடுகிறது.

இடத்தில் இருக்கும் சான்று இதற்கு ஒத்துவரவில்லை. வாயிலில் நுழைபவர் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும் கடவுளர் உருவங்கள் இன்றும் கதை படிக்கும் நிலையில் இருக்கின்றன. உருவத்தை உடைப்பதே நோக்கமாக இருந்திருந்தால் முதல் அடி விழவேண்டிய இடம் அது. கோட்டைக்கு வெகு அருகே, மலையைக் குடைந்து செய்த சிங்கவரம் அரங்கநாதர் கோயில் பல்லவர் காலம் தொட்டு இன்றுவரை வழிபாட்டில் இருக்கிறது. பள்ளிகொண்ட பெருமாளின் அந்தப் பேருருவம் அத்தனை ஆட்சிமாற்றங்களையும் கடந்து கிடக்கிறது. தேசிங்கு ராஜன் போருக்குப் புறப்படுமுன் அவரிடம் உத்தரவு கேட்டதாகவும், பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவும் கதைப்பாடல் மரபு சொல்லும். கதை உண்மையோ இல்லையோ, முகலாய அதிகாரம் நிலவிய 1714இல் அங்கே பூசை நடந்துகொண்டிருந்தது என்பதில் அந்த மரபுக்கு ஐயமே இல்லை. வெங்கடரமணர் கோயிலின் மண்டபங்களில் தெரிவது உடைப்பல்ல, இல்லாமை. தூண் இருக்கவேண்டிய இடத்தில் உடைந்த தூண் கிடந்தால் அது போர். அங்கே தூணே இல்லையென்றால் வேறு காரணம் தேடவேண்டும்.

3. கட்டிய முறையும் சிதையும் முறையும்

இந்த இடத்தில் கெமர் கோயில்களின் கட்டுமானத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது பயன்தரும்.

அங்கோரின் கோயில்கள் மணற்கல்லாலும் செம்பூரான் கல்லாலும் ஆனவை. மணற்கல் குலேன் மலைப்பகுதியிலிருந்து வந்தது. கற்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாந்து இல்லாமல் தேய்த்துப் பொருத்தி, மேலே போகப்போக உள்நோக்கி நீட்டிக் கூரையை மூடினர். உண்மையான வளைவு அவர்கள் கட்டுமானத்தில் இல்லை. இப்படிக் கட்டிய கோபுரம் ஆயிரக்கணக்கான சிறு கற்களின் அடுக்கு. மழைநீர் அடித்தளத்து மண்ணைக் கரைத்தாலும், மரத்தின் வேர் இடுக்கில் புகுந்தாலும் அடுக்கு குலைந்து சரியும். ஆனால் சரிந்த கல் அங்கேயே விழும். ஊர் கலைந்து காடு மூடிய இடத்தில் அதைத் தூக்கிப் போக ஆளில்லை. மணற்கல் துண்டை வைத்து வீடு கட்டும் வழக்கமும் அங்கில்லை. கெமர் நாட்டில் கல் தெய்வத்துக்கு மட்டுமே உரியது. அரசனின் அரண்மனைகூட மரத்தால் ஆனது. 1296இல் அங்கோர் வந்து ஏறக்குறைய ஓராண்டு தங்கிய சீனத் தூதர் சௌ தாகுவான் வருணிக்கும் உயிர்த்துடிப்பான நகரத்தில் இன்று எஞ்சியிருப்பது கோயில்கள் மட்டுமே. நகரத்தின் தெருவும் குளமும் மேடும் எங்கெங்கே இருந்தன என்பது 2012க்குப் பின் விமானத்திலிருந்து லேசர் கதிரால் நிலத்தை அளந்தபோதுதான் முழுமையாகப் புலப்பட்டது.

செஞ்சியின் கல் வேறு. இது கருங்கல் நாடு. மழையும் வெயிலும் இதை அரிக்கப் பல்லாயிரம் ஆண்டு வேண்டும். இந்த வட்டாரத்தில் கல்லின்மேல் இருந்த நம்பிக்கை பழையது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இன்றி மும்மூர்த்திகளுக்கும் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்மன் பெருமைப்பட்டுக்கொள்ளும் மண்டகப்பட்டுக் குடைவரை இதே விழுப்புரம் பகுதியில்தான் இருக்கிறது. செஞ்சிக்குத் தெற்கே, அனந்தபுரத்தை அடுத்த பனமலையில், இராஜசிம்மன் எடுத்த தாளகிரீசுவரர் கோயில் பாறை உச்சியில் இன்றும் நிற்கிறது. அதற்கு 8 நூற்றாண்டுகளுக்குப் பின் நாயக்கர் கட்டிய கோயில் அதைவிட மோசமான நிலையில் இருப்பதற்குக் காலத்தை எப்படிக் குறை சொல்வது?

நாயக்கர் காலக் கட்டுமானத்தின் மையம் தூண். ஒரே கல்லில் செதுக்கிய தூணை நிறுத்தி, அதன்மேல் போதிகை, உத்தரம், பாவுகல் என்று அடுக்குவார்கள். கூரையின் எடை முழுவதும் தூண்மேல் நிற்கும். மேல்தளப் பாவுகல்லை இறக்கிவிட்டால் தூண் தனிப்பொருளாகிவிடும்: நீண்டது, முழுமையானது, அலங்காரமானது, வேறெங்கு கொண்டு நிறுத்தினாலும் அப்படியே நிற்கக்கூடியது. அங்கோரின் கோபுரம் நெல் குவியல் என்றால் நாயக்கர் மண்டபம் கரும்புக் கட்டு. கட்டை அவிழ்த்துவிட்டால் ஒவ்வொன்றாக உருவிக்கொள்ளலாம். உருவியபின் அங்கே மிஞ்சுவது பாவுகல்லும் துண்டுதுணுக்கும்தான்.

கோபுரத்தின் மேல்நிலைகள் மட்டும் செங்கல்லும் சுதையுமாக இருப்பதால் அவற்றில் அரசும் ஆலும் வேர்விட்டுப் பிளக்கும். அங்கே காலத்தின் கை உண்டு. அதை மறுக்கவில்லை. மண்டபங்களின் நிலை வேறு.

4. தூண்கள் போன காலம்

புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் 8 உயரமான கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை என்பது பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்ட செய்தி. மாலை நடை வருவோர் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்ளும் அந்தத் தூண்களின் செதுக்குவேலை நாயக்கர் பாணியைச் சேர்ந்தது என்பதைச் சொல்ல நிபுணர் வேண்டியதில்லை. வெங்கடரமணர் கோயிலிலிருந்தே அவை எடுக்கப்பட்டன என்பதும் மரபாகச் சொல்லப்படுவது. எப்போது என்பதில்தான் குழப்பம். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநராக இருந்த துய்ப்ளேக்ஸின் சிலைக்காகக் கொண்டுவந்தார்கள் என்று எழுதுவோர் உண்டு. துய்ப்ளேக்ஸே கொண்டுவந்தார் என்போரும் உண்டு.

காலக்கணக்கைப் போட்டுப் பார்த்தால் முதல் கூற்று நிற்காது. துய்ப்ளேக்ஸ் சிலை நிறுவப்பட்டது 1870இல். செஞ்சிமேல் பிரெஞ்சுக்காரருக்கு அதிகாரம் இருந்தது 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புசி கோட்டையைப் பிடித்ததிலிருந்து 1761 ஏப்ரலில் ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தது வரை; பத்தரை ஆண்டு. அதற்குப் பின் கோட்டை ஒருபோதும் அவர்கள் கைக்குத் திரும்பவில்லை. பிரித்தானிய எல்லைக்குள் புகுந்து 19ஆம் நூற்றாண்டில் அவர்கள் தூண்களைப் பெயர்த்துச் சென்றிருப்பார்கள் என்பது நம்பும்படியாக இல்லை. ஆக, தூண்கள் புதுச்சேரிக்கு வந்தது அந்தப் பத்தரை ஆண்டுக்குள்; சிலையைச் சுற்றி அவை அணிவகுத்தது பிற்காலத்து ஏற்பாடு.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. 1761 சனவரியில் புதுச்சேரி வீழ்ந்ததும் ஆங்கிலேயர் அந்நகரைத் தரைமட்டமாக்கினர். 1765க்குப் பின் பிரெஞ்சுக்காரர் திரும்பிவந்து புதிதாகக் கட்டினர். அந்தப் பேரழிவில் இந்தத் தூண்கள் தப்பியிருக்க வேண்டும். ஒற்றைக்கல் தூணை வெடிமருந்து வைத்துத் தகர்ப்பது மாளிகைச் சுவரைத் தகர்ப்பதுபோல் பயன்தரும் வேலையல்ல என்பதால் அது நடக்கக்கூடியதே. கட்டடம் எதிலும் பொருத்தப்படாமல் தரையில் கிடந்தவையாகவும் இருந்திருக்கலாம். 1736 முதல் 1761 வரை புதுச்சேரியின் அன்றாடத்தைப் பதிவுசெய்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இந்தக் காலம் முழுவதையும் தழுவியது. தமிழில் இருக்கும் அந்த மூலத்தை இந்த ஒரு கேள்விக்காக வரிவரியாகப் படிப்பது கட்டடக்கலை மாணவர் ஒருவருக்கு நல்ல ஆய்வுப்பொருள்.

பிரெஞ்சுக்காரருக்குச் செஞ்சி விருப்பமான ஊராக இருந்ததில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்தப் பத்தாண்டில் அங்கே 1,200 ஐரோப்பியப் படைவீரர்களை அவர்கள் இழந்ததாக அக்காலத்து வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதுகிறார், பெரும்பாலும் காய்ச்சல். மலைகளுக்கு நடுவே தேங்கிய நீரும் கொசுவும் எந்தப் பீரங்கியையும்விட அதிகம் கொன்றன. தங்கி வாழ முடியாத ஊரிலிருந்து எடுத்துச் செல்லத்தக்கதை எடுத்துச் சென்றார்கள். கிழக்கு வாசலுக்குப் புதுச்சேரி வாசல் என்று பெயர். கோயிலோ அதற்குப் பக்கத்தில். வண்டியேற்ற இதைவிட வசதியான இடம் கோட்டைக்குள் வேறில்லை.

5. பெயர்த்தவர்களும் அடுக்கியவர்களும்

செஞ்சியிலிருந்து தூண்களைப் பெயர்த்த அதே பிரான்சு ஒன்றரை நூற்றாண்டு கழித்துக் கம்போடியாவில் விழுந்த கற்களை அடுக்கத் தொடங்கியது. தொடக்கத்தில் அங்கும் எடுத்துச் செல்வதுதான் நடந்தது. 1860இல் ஆன்ரி மூஓ அங்கோரைக் ‘கண்டுபிடித்தார்’ என்று பாடப்புத்தகங்கள் எழுதின. அவர் போனபோது அங்கோர்வாட்டில் புத்த பிக்குகள் குடியிருந்தார்கள். அவருக்கு 10 ஆண்டு முன்பே பூய்யவோ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் போய்ப் பார்த்துவிட்டார். 1873இல் லூயி டெலபோர்ட் தலைமையில் சென்ற குழு சிற்பங்களைப் பிரான்சுக்குக் கப்பலேற்றியது. பாரிசின் கீமே அருங்காட்சியகத்தின் கெமர்ப் பிரிவுக்கு அடித்தளம் அதுவே.

1907இல் சியாம் அங்கோர்ப் பகுதியைப் பிரெஞ்சுக்காரருக்கு விட்டுக்கொடுத்ததும் நிலை மாறியது. அடுத்த ஆண்டே அங்கோர்ப் பாதுகாப்பு அலுவலகம் உருவாகி ழான் கொமாய் அதன் பொறுப்பாளரானார். தூரக் கிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சு ஆய்வுப் பள்ளி அந்தப் பணியை நடத்தியது. இதே பள்ளியின் கிளை 1950களில் புதுச்சேரிக்கும் வந்தது. தென்னிந்தியக் கோயில்களைப் பற்றி நாம் இன்று அறிந்திருப்பதில் கணிசமான பகுதி அங்கிருந்தும், 1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலிருந்தும் வந்தது.

1923 டிசம்பரில் இளம் எழுத்தாளர் ஆந்திரே மால்ரோ பந்தேய் ஸ்ரே கோயிலிலிருந்து சிற்பங்களை அறுத்தெடுத்து வரும்போது புனோம் பெனில் பிடிபட்டார். 967இல் குடமுழுக்குக் கண்ட அந்தச் சிறிய கோயிலின் செம்மணற்கல் வேலைப்பாடு கெமர்ச் சிற்பத்தின் உச்சம் எனப்படுவது. ஆடும் சிவனின் காலடியில் எலும்புருவாய் அமர்ந்து தாளமிடும் காரைக்கால் அம்மையாரை அங்கே அடையாளம் காண்கிறோம். மால்ரோ தண்டிக்கப்பட்டார், பின்னாளில் பிரான்சின் பண்பாட்டு அமைச்சரும் ஆனார். ஆனால் 1931இல் ஆன்ரி மர்ஷால் அதே கோயிலில்தான், டச்சுக்காரர் ஜாவாவில் கையாண்ட முறையைக் கற்றுவந்து, விழுந்த ஒவ்வொரு கல்லுக்கும் உரிய இடம் கண்டுபிடித்து மறுபடி எழுப்பினார்.

இந்த முறைக்கு ஒரே ஒரு நிபந்தனை: கல் அங்கே இருக்கவேண்டும். அங்கோரின் பாபுவோன் கோயிலின் கதை இதற்குச் சிறந்த சான்று. சரிந்துகொண்டிருந்த அந்த 11ஆம் நூற்றாண்டுக் கோயிலை 1960களில் பெர்னார் பிலிப் க்ரொஸ்லியே குழுவினர் கழற்றினர். ஏறத்தாழ 3,00,000 கற்களைக் காட்டில் பரப்பி எண்ணிட்டு வைத்தார்கள். போர் வந்தது. கெமர் ரூஜ் ஆட்சிக்கு வந்த 1975இல் எண்களைக் குறித்த ஆவணங்கள் அழிந்தன. 1995இல் வேலையை மறுபடி தொடங்கியவர்கள் முன் கற்கள் கிடந்தன, திறவுகோல் இல்லை. ஒவ்வொரு கல்லும் ஓர் இடத்துக்குத்தான் பொருந்தும் என்ற கெமர்க் கட்டுமானத்தின் இயல்பை வைத்தே 16 ஆண்டு உழைத்து 2011இல் முடித்தார்கள். ஆவணம் போனாலும் கல் இருந்தால் கோயிலை மீட்கலாம்.

செஞ்சிக்கு இந்த வழி அடைபட்டிருக்கிறது. ஆவணமும் இல்லை, கல்லும் இல்லை. இந்தியத் தொல்லியல் துறையை இதில் குறைகூறுவது எளிது. அத்துறை 1986 முதல் 1993 வரை அங்கோர்வாட்டில் வேலைசெய்தது. இரசாயனக் கழுவலால் கல்லின் மேற்பரப்பு பாதிக்கப்பட்டதாகக் கடும் விமர்சனமும் எழுந்தது. பின்னர் அங்கோரின் தா புரோம் கோயிலில் மரத்தையும் கோயிலையும் சேர்த்துக் காக்கும் சிக்கலான வேலையை ஏற்று, அனுபவம் பெற்றது. அந்த அனுபவத்தைச் செஞ்சியில் பயன்படுத்தாதது ஏன் என்று கேட்கத் தோன்றும். அங்கே மரம் பிடித்த கல்லை விடுவிப்பது வேலை. இங்கே இல்லாத கல்லை எங்கிருந்து விடுவிப்பது? புதுத் தூண் செதுக்கி நிறுத்தலாம். அது திருப்பணி ஆகும்; பாதுகாப்பு ஆகாது.

6. பூசை நின்ற கோயில்

தா புரோமின் கல்வெட்டு அக்கோயிலுக்கு உழைத்தவர்களாக 79,365 பேரைக் கணக்குக் காட்டுகிறது. 3,140 ஊர்கள், 615 ஆடல் மகளிர். எண்கள் மிகையாகவே இருக்கட்டும். கோயில் என்பது இந்த ஏற்பாட்டின் பெயர். கல் அதன் உறை. ஊர்களின் வருவாய் நின்றால் விளக்கு அணையும். செஞ்சியிலும் அதுவே நடந்தது. நாயக்கர் அரசு போய், படைமுகாம் மட்டும் எஞ்சி, அதுவும் 1780க்குப் பின் கலைந்ததும், வெங்கடரமணருக்கு நெல் அளக்க யாருமில்லை. தூண்கள் 1750களில் போனபோது தடுக்க ஊர்ச்சபையோ அறங்காவலரோ எழுந்து நின்றிருந்தால் கதை மாறியிருக்கலாம்.

மாறாக, அரசைச் சாராத தெய்வங்கள் பிழைத்தன. இராஜகிரியில் ஏறும் வழியில் உள்ள கமலக்கண்ணி அம்மனுக்குச் சித்திரையில் விழா எடுக்கிறார்கள். செஞ்சியம்மனுக்குச் சுற்றுவட்டாரமே வருகிறது. இவர்களுக்குப் பெருமண்டபம் இல்லை. பெயர்த்துச் செல்லத் தூணும் இல்லை. ஊர்க்காரர் கும்பிடும் தெய்வத்துக்கு மானியம் தேவைப்படவில்லை.

அங்கோர்வாட்டிலும் நடந்தது இத்தகையதே. திருமாலுக்கு எடுத்த கோயில் தேரவாத பௌத்தக் கோயிலாகித் தொடர்ந்து புழங்கியதால்தான் மற்றவற்றைவிட முழுமையாக நின்றது. இன்றும் பயணிகளுக்கு நடுவே ஊதுவத்தி புகைகிறது. நம் தொல்லியல் சட்டத்தின் நடைமுறையோ, பாதுகாப்பின்கீழ் வந்த நாளில் வழிபாடு இருந்த சின்னத்தில் அதைத் தொடரவிடும், அன்று நின்றுபோயிருந்த இடத்தில் புதிதாகத் தொடங்க விடாது. 1921இல் செஞ்சி பாதுகாக்கப்பட்ட சின்னமானபோது வெங்கடரமணர் எந்தப் பட்டியலில் விழுந்தார் என்பது அவரது அடுத்த நூற்றாண்டைத் தீர்மானித்தது. இந்த விதியை நான் எதிர்க்கவில்லை. வழிபாடு திரும்பும் இடத்தில் ஓடு பதிப்பும் எனாமல் வண்ணமும் கூடவே வரும் என்பதைத் தமிழ்நாட்டில் கண்ணால் காண்கிறோம். ஆனாலும் விதிக்கு விலை உண்டு: கேட்பாரற்ற கோயில் கேட்பாரற்றே இருக்கும்.

7. பலகையில் உள்ள பெயர்

2025 சூலை 11 அன்று ‘இந்தியாவின் மராட்டிய இராணுவ நிலக்காட்சிகள்’ என்ற பெயரில் 12 கோட்டைகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. பதினொன்று மகாராட்டிரத்தில், தமிழ்நாட்டில் செஞ்சி ஒன்றே. மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால் மராட்டியர் செஞ்சியை ஆண்டது 1677 முதல் 1698 வரை, 21 ஆண்டு. அதற்குமுன் நூறாண்டுக்கும் மேலாக ஆண்ட நாயக்கர்கள்தாம் நெற்களஞ்சியத்தையும் கோயில்களையும் எடுத்தவர்கள். கலியாண மகாலும் அவர்கள் காலத்ததாகவே கருதப்படுகிறது. பட்டியலின் தலைப்பு இராணுவம் என்று சொல்கிறபோது பார்வையாளர் மதிலையும் பீரங்கி மேடையையும் தேடிப் போவார். கோயில் அந்த நிலக்காட்சிக்குப் பின்னணி.

1992இல் பட்டியலில் சேர்ந்த அங்கோருக்குத் தலைப்பு வெறும் ‘அங்கோர்’. ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர் பரப்பில் இந்து, பௌத்த, நீர்ப்பாசனச் சின்னங்கள் அனைத்தும் அதில் அடங்கும். செஞ்சியையும் அப்படித் தனியே முன்மொழிந்திருக்கலாம்: திருநாதர்குன்றின் தீர்த்தங்கரர்கள், சிங்கவரம், நாயக்கர் கோயில்கள், 1717-18இல் எழுந்த சாதத்துல்லா கான் மசூதி எல்லாம் சில கிலோமீட்டருக்குள் அடங்கும் ஊர் இது. சமணம், வைணவம், இசுலாம் மூன்றும் கல்லில் எழுதியிருக்கும் இப்படியொரு வட்டாரத்தை ஒரு படையின் பெயரில் பதிவுசெய்திருக்கிறோம்.

அங்கோருக்கும் தமிழகத்துக்கும் இடையே கல் பயணம் செய்த பழைய நிகழ்வு ஒன்று கல்வெட்டில் பதிவாகியிருக்கிறது. காம்போஜ அரசன் காட்சிப்பொருளாகத் தந்த கல் ஒன்றைச் சோழ மன்னன் ஆணைப்படி தில்லைக் கோயிலின் எதிரம்பலத்தில் பதித்ததாக, முதலாம் குலோத்துங்கன் காலத்து 1114ஆம் ஆண்டுச் சிதம்பரம் கல்வெட்டு சொல்கிறது. சூரியவர்மன் பட்டமேறிய மறு ஆண்டு அது. இரு அரசுகளுக்கும் இடையே மரியாதையும் தூதும் இருந்தன என்பதற்கு இது சான்று. ‘நம் கோயில்’ என்று உரிமை கொண்டாடுவதைவிட இந்த உறவு எனக்குச் சுவையானது. கொடுத்தவர் யார், வாங்கியவர் யார், எங்கே வைத்தார்கள் என்பதையெல்லாம் அன்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

புதுச்சேரித் தூண்களுக்கு அப்படி ஓர் எழுத்து இல்லை. அவற்றைத் திருப்பிக் கேட்கும் இயக்கம் நடத்தவேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. 8 தூண்களால் வெங்கடரமணர் மண்டபம் எழுந்துவிடாது. செய்யக்கூடியது ஒன்று உண்டு. தூணின் அடிச்சதுரத்தை அளக்கலாம். போதிகை உட்காரும் முளையின் அளவை எடுக்கலாம். கோயில் தளத்தில் தூண் நின்ற இடங்களில் எஞ்சிய பதிவுக்குழிகளோடும், நின்றுகொண்டிருக்கும் தூண்களோடும் அந்த அளவுகளை ஒப்பிட்டால் எந்த மண்டபத்தின் எந்த வரிசையிலிருந்து அவை போயின என்பதைச் சொல்லிவிட முடியும். கடற்கரையில் ஒரு நாளும் கோட்டையில் சில நாட்களும் போதும். அளவுநாடாவும், தொல்லியல் துறையின் அனுமதியும், செஞ்சிக்கும் புதுச்சேரிக்கும் இடையே 70 கிலோமீட்டர் போய்வர ஒரு வண்டியும் வேண்டும். அதன்பின் இரண்டு இடத்திலும் பலகை வைக்கலாம்: கோட்டையில் ‘இங்கிருந்து போனவை’ என்றும், கடற்கரையில் ‘அங்கிருந்து வந்தவை’ என்றும் வரிசை எண்ணோடு.